காரையார் போகும் முன் ஒரு வார்த்தை



"குழுவோட ஒரு நாள் காரையார் டேம் போயிட்டு வருவோமே" என்று கீழப்பாவூர் வட்டாரக் குழுக்களில் பலரும் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நாம் போகிற இடம் பூங்கா அல்ல, காடு. அதைத் தெரிந்துகொண்டு போவோம்.

அது என்ன காடு?

கடையம் வழியாகப் போய், பாபநாசம் தாண்டி மலையேறினால் வருவது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயங்கள் ஆயின. இரண்டும் சேர்ந்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. புலி, சிறுத்தை, யானை, மிளா, சிங்கவால் குரங்கு எல்லாம் இங்கே உண்டு. காணி இன மக்களும் இங்கே வாழ்கிறார்கள்.

அணைக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நாம் காரையார் டேம் என்று சொல்வதுதான் 143 அடி பாபநாசம் அணை. பொதிகை மலையில் பெய்யும் மழையைக் காடு பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடுகிறது. நம்ம குழு சேமிப்பு மாதிரிதான்! மரம் இல்லை என்றால் மழைத் தண்ணி ஒரே ஓட்டமாக ஓடும். மண்ணையும் அள்ளி வந்து அணையில் தட்டும். இந்தத் தண்ணீரை நம்பித்தான் தாமிரபரணிப் பாசனத்தில் 86,000 ஏக்கருக்கு மேல் கார், பிசான சாகுபடி நடக்கிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல ஊர்களுக்குக் குடிதண்ணீரும் இதுதான். நம்ம பக்கத்துச் சிற்றாறும் இதே மலைத்தொடரில் பிறந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் சேருகிறது.

1990-களில் அடிவார கிராமங்களில் வனத்துறை கிராம வனக்குழுக்களை அமைத்தது. அவற்றின் மூலம் பெண்கள் குழுக்களுக்கும் கடன் கிடைத்தது. விறகு வெட்டிப் பிழைத்தவர்களுக்கு வேறு தொழில் செய்ய வழி பிறந்தது. ஆக, காட்டைக் காத்ததில் நம்மைப் போன்ற குழுக்களுக்கும் பங்கு உண்டு.

போகும்போது என்ன செய்யணும்?

* அனுமதி உண்டா, நேரம், கட்டணம் எவ்வளவு என்று வனத்துறையிடம் முன்னாடியே கேட்கணும். புலிக் கணக்கெடுப்பு, வெள்ளம், காட்டுத்தீ நேரங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

* சோற்றைத் தூக்குவாளியில் கொண்டு போவோம். சில்வர் டம்ளர், வாழை இலை போதும். உப்பும் எண்ணெயும் ஒட்டின பாலிதீன் பையை மிளா தின்றால் குடலை அடைத்துச் சாகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது.

* குரங்குக்குத் தீனி போட வேண்டாம். பழகிட்டா அது காட்டில் இரை தேடாது. ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும்.

* சோப்பு, ஷாம்பு ஆற்றில் வேண்டாம். பரிகாரம் என்று பாபநாசத்தில் விடுகிற துணி, அடுத்துக் குளிக்க இறங்குகிறவர் காலைச் சுற்றுகிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகிறவர்களும் இதை மனசில் வைக்கணும். கும்பிடுவோம், துணியைத் திருப்பிக் கொண்டு வருவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். கொண்டு போன குப்பை அத்தனையும் திரும்ப ஊருக்கு வரணும் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு வேன் பேசுங்கள்.