பழைய அலைவுகாட்டி வாங்கப் போகிறீர்களா?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி ‘உம்’மென்று இரைகிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் சரியாகவே இருக்கிறது. பிறகு பிழை எங்கே? மல்டிமீட்டர் எண்ணைக் காட்டும். அலையின் வடிவத்தைக் காட்டாது. அந்த 12 வோல்ட்டின் மேல் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும் சிற்றலையை ஆசிலோஸ்கோப் என்னும் அலைவுகாட்டி திரையில் காட்டிவிடும். வடிகட்டும் மின்தேக்கி வலுவிழந்ததா என்று பார்க்க வழி கிடைத்துவிடும்.

மேல்நிலை இயற்பியலில் நாம் கரும்பலகையில் வரையும் அலைதிருத்தியின் வெளியீட்டையும் மாணவர்கள் இதில் நேரில் காணலாம். புதிய கருவி வாங்க நிதி இல்லாவிட்டால், சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் பழைய கருவியைத் தேடலாம். ஆனால் சோதிக்காமல் வாங்கினால் அது அலமாரியில்தான் உறங்கும்.

எவ்வளவு திறன் தேவை?

நாம் கேட்கும் ஒலி 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை அகலமும் இரண்டு சேனல்களும் கொண்ட பழைய அனலாக் கருவியே பள்ளிக்கும் பழுதுபார்ப்புக்கும் தாராளம். 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

பணம் தருமுன் செய்ய வேண்டிய சோதனை

1. கருவியை இயக்கி 15 நிமிடம் காத்திருங்கள். கோடு மெல்லியதாக, தெளிவாக, நகராமல் நிற்க வேண்டும். வெளிச்சத்தை முழுவதும் கூட்டியும் கோடு மங்கலாக இருந்தால் படக்குழாய் தேய்ந்துவிட்டது. மாற்றுக்குழாய் கிடைப்பது அரிது.

2. முன்பக்கத்தில் ‘கால்’ என்ற முனை இருக்கும். பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அது தரும். மின்னழுத்த அளவு அருகிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ப்ரோப்பை அதில் மாட்டி, நேரக் குமிழைக் கட்டத்துக்கு 0.2 மில்லிநொடியில் வையுங்கள். ஓர் அலை சரியாக 5 கட்டங்களை அடைக்க வேண்டும்.

3. சதுரத்தின் மூலைகள் மழுங்கியிருந்தால், முதலில் 10 மடங்கு ப்ரோப்பில் உள்ள சிறு திருகைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் வேறு ப்ரோப்பை மாட்டிப் பாருங்கள். அப்போதும் மழுங்கினால் குறை கருவியில்தான்.

4. இரு சேனல்களிலும் எல்லாக் குமிழ்களையும் ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். கோடு துள்ளி அடங்கினால் அது அழுக்காக இருக்கலாம், துடைத்தால் போகும். ஒரு படியே வேலை செய்யாவிட்டால் வாங்காதீர்கள்.

5. டிரிகர் குமிழைத் திருப்பும்போது ஓடும் அலை அசையாமல் நிற்க வேண்டும்.

விலையில் ப்ரோப் சேர்ந்ததா, ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிர் காக்கும் விதி

ப்ரோப்பின் முதலைக்கவ்வி, கருவியின் உலோக உடல் வழியாகப் புவி இணைப்போடு சேர்ந்தது. மின்மாற்றியால் பிரிக்கப்படாத சுற்றில் அதை மாட்டினால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பொறி பறக்கும். எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியின் முதன்மைப் பக்கத்தில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னழுத்தம் இருக்கும். இதைத் தவிர்க்க பிளக்கின் எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்வோர் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள், கருவியின் உடலே மின்சாரம் பாயும் பொருளாகிவிடும். மாணவர்கள் முன்னிலையில் மின்மாற்றி வழியே வரும் 6 அல்லது 12 வோல்ட் சுற்றுகளை மட்டும் அளப்போம். அணைத்த பிறகும் படக்குழாய்ப் பகுதியில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால் மூடியைத் திறக்க வேண்டாம்.

இன்னும் சிக்கனமாக வேண்டுமானால் டி.எஸ்.ஓ.138 என்ற சிறு டிஜிட்டல் கருவித்தொகுப்பு உண்டு. பட்டை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ்தான். ஒலி, அலைதிருத்தி ஆகியவற்றுக்கு அது போதும்.

கருவி வந்ததும் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்: நேரக் குமிழைக் கட்டத்துக்கு 5 மில்லிநொடியில் வையுங்கள். அரை அலைதிருத்தியில் 4 கட்டங்களுக்கு ஒரு மேடும், முழு அலைதிருத்தியில் 2 கட்டங்களுக்கு ஒரு மேடும் தெரியும். ஏன் என்று மாணவர்களையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.