ஊர்ப்பெயர் தாங்கிய ஜின்

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்குமான இந்த இதழில் ஜின் என்னும் மதுவைப்பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அதைப் பருகுமாறு சொல்ல நாம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஹாரிஸ் என்றொரு நிலப்பகுதி உண்டு. அதன் பெயரைத் தாங்கி இரண்டு சரக்குகள் உலகச் சந்தைக்குப் போகின்றன. ஒன்று கைத்தறிக் கம்பளித் துணி, மற்றொன்று ஜின். முன்னதன் பெயரைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறது. பின்னதற்கு அத்தகைய சட்டம் இல்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதால் நமக்குப் பயனுண்டு.

ஹாரிஸைத் தீவு என்று அழைப்பது வழக்கமாயினும், அது லூயிஸ் என்னும் பகுதியோடு ஒட்டிய ஒரே நிலப்பரப்புதான். பாறையும் கரம்புமான பூமி. வேலை தேடி இளைஞர் வெளியேறியதால், சென்ற நூற்றாண்டில் மக்கள்தொகை பாதிக்கும் கீழே இறங்கி, இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே வாழ்கின்றனர். இந்நிலையில், ஊரிலேயே நிலைத்த வேலை வேண்டும் என்ற நோக்கத்தை வெளிப்படையாகச் சொல்லி, டார்பர்ட் என்னும் சிற்றூரில் 2015 ஆம் ஆண்டு ஒரு வடிசாலை தொடங்கப்பட்டது. அது கூட்டுறவுச் சங்கமன்று. தனியார் முதலும் அரசு மானியமும் சேர்ந்த கம்பெனி. உள்ளூரார் ஏறத்தாழப் பத்துப் பேருடன் அது வேலையைத் தொடங்கிற்று.

அவர்களுடைய முதல் நோக்கம் விஸ்கிதான். ஆனால் ஸ்காட்லாந்து விஸ்கியைக் குறைந்தது மூன்றாண்டு ஓக் மரப் பீப்பாயில் வைத்திருந்த பிறகே அப்பெயரால் விற்கலாம் என்பது சட்டம். அதுவரை கூலி கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? ஜின்னுக்கு அத்தகைய காத்திருப்பு இல்லை. இந்த வாரம் வடித்ததை விரைவில் புட்டியில் அடைத்து விற்றுவிடலாம். ஆகவே ஜின் விற்ற பணத்தில் ஆலை ஓடியது; விஸ்கி 2023 இல்தான் வெளிவந்தது. ‘ஹெராக்’ என்பது அதன் பெயர். ஹாரிஸ்வாசி என்பது அதற்குப் பொருள். நடைமுறை மூலதனம் இன்றித் தவிக்கும் சங்கங்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் எளிதில் விளங்கும்.

இனி, ஜின் என்பது யாது? தானியத்திலிருந்தோ வேறு விளைபொருளிலிருந்தோ எடுத்த மணமற்ற சாராயத்தில் ஜூனிப்பர் என்னும் புதர்ச்செடியின் காயையும் வேறு சில வேர், பட்டை, விதைகளையும் ஊறவைத்து, செம்பு வாலையில் மீண்டும் வடிப்பர். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கி, நடுவில் வருவதை மட்டும் எடுத்துத் தண்ணீர் சேர்த்து அளவுக்குக் கொண்டுவருவர். ஹாரிஸ் ஜின்னின் அளவு நூற்றுக்கு 45 பங்கு சாராயம். சட்டம் கேட்பது 37.5 பங்கும், ஜூனிப்பரின் சுவை மேலோங்கி நிற்பதும் மட்டுமே.

இந்த ஜின்னில் சேரும் பொருள்கள் ஒன்பது. அவற்றைப் படிக்கும்போது நம் ஊர் நாட்டுமருந்துக் கடையின் நினைவு வந்தால் வியப்பில்லை. கொத்தமல்லி விதை, வால்மிளகு, அதிமதுரம், லவங்கப்பட்டைக்கு இனமான காசியாப் பட்டை, கசப்பு ஆரஞ்சின் தோல், ஏஞ்செலிகா வேர், ஐரிஸ் கிழங்கு, ஜூனிப்பர் ஆகிய எட்டும் உலகெங்கும் ஜின் வடிப்போர் வழக்கமாகக் கையாள்பவை. ஒன்பதாவதுதான் ஊருக்கு உரியது: அத்தீவுக் கடலில் வளரும் ஒருவகைப் பெரிய கடற்பாசி. உலர்த்தினால் அதன்மேல் இனிப்பான வெண்பொடி பூப்பதால் அதைச் சர்க்கரைப் பாசி என்பர். கடலில் மூழ்கி அதைக் கையால் அறுத்து வருகின்றனர்.

அப்படியானால் ஒன்பதில் ஒன்றுதானே ஊருடையது, இதற்கு ஊர்ப்பெயர் தகுமா என்று கேட்கலாம். இங்கேதான் கைத்தறித் துணியைப் பார்க்கவேண்டும். ஹாரிஸ் ட்வீட் துணிக்கு 1910 ஆம் ஆண்டிலேயே கோளமும் சிலுவையும் கொண்ட முத்திரை பதிவாயிற்று. 1993 இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அத்தீவுக் கூட்டத்திலேயே கம்பளிக்குச் சாயம் தோய்த்து, நூற்று, தீவுவாசிகள் தம் வீட்டில் கையால் நெய்து, அங்கேயே செம்மை செய்த துணிக்கே அப்பெயர் உரியது. கம்பளி மட்டும் எங்கிருந்தும் வரலாம். பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. காஞ்சிபுரத்துப் பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருவதைப்போல என்று கொள்க. ஆக, பெயரை ஊருக்கு உரியதாக்குவது மூலப்பொருளன்று. அங்கு நடக்கும் வேலை. அந்த அளவுகோலால் பார்த்தால் ஹாரிஸ் ஜின்னும் தகுதியுடையதே. வடிப்பது ஹாரிஸில், உழைப்பவர் ஹாரிஸார்.

ஆனால் அந்தத் தகுதி உரிமையாளரின் நன்னோக்கத்தில் நிற்கிறதேயன்றிச் சட்டத்தில் நிற்கவில்லை. ‘லண்டன் ஜின்’ என்பது ஒரு செய்முறையின் பெயர் மட்டுமே. அதை லண்டனில் வடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ‘சிறு அளவில் வடித்தது’ என்று சீட்டில் அச்சிடுகிறார்களே, அதற்கும் சட்டத்தில் அளவு கூறப்படவில்லை. கம்பெனியின் வணிகக்குறி கம்பெனியின் சொத்து. கம்பெனி கைமாறினால் அதுவும் கைமாறும். ட்வீட்டின் முத்திரையோ சட்டப்படி அமைந்த ஒரு பொது அமைப்பிடம் இருக்கிறது. சோதித்துப் பார்த்தே துணியில் குத்துகிறார்கள்.

சட்டம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லமாட்டோம். 2006 இல் அத்தீவின் பெரிய ஆலையொன்று கைமாறியபோது, புதிய உரிமையாளர் ஆயிரக்கணக்கான வடிவங்களை நான்காகக் குறைத்துவிட்டார். முத்திரை பத்திரமாக இருந்தது. வீட்டுத் தறிகள் பல ஓய்ந்தன. பெயர் நெசவாளருக்குப் பொதுவாயிருந்தும், நூலைக் கொடுத்துத் துணியை வாங்கும் வழி ஒருவர் கையில் இருந்ததே காரணம். பின்னர் வேறு ஆலைகள் கிளம்பியதால் தொழில் மீண்டது.

நம் நாட்டில் 1999 ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ட்வீட்டின் வழியையே ஒட்டியது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமுக்காளம், மதுரை மல்லி, ஈரோடு மஞ்சள் ஆகியவை அதன்கீழ்ப் பதிவானவை. எனினும் பொருள் பதிவாவது வேறு. அதை உற்பத்தி செய்பவர் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தம் பெயரைப் பதிவு செய்துகொள்வது வேறு. பின்னதைச் செய்தவரே அக்குறியீட்டைத் தம் சரக்கில் இட உரிமையுடையவர். இருப்புச் சோதனைக்குச் சென்ற ஓரிடத்தில் ஊர்ப்பெயர்ச் சீட்டு ஒட்டிய சேலைகளைக் கண்டு, பயனாளர் பதிவு எங்கே என்று கேட்டோம். ‘பெயர்தான் ஏற்கெனவே பதிவாகிவிட்டதே, ஐயா’ என்றார் கிடங்குப் பொறுப்பாளர். இந்த எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. பதிவு செய்யாத சங்கங்களின் செயலாளர்கள், அடுத்த தணிக்கைக்கு நாம் வரும்போது, உறுப்பினர் பட்டியலையும் உற்பத்திக் கணக்கையும் எடுத்து வைத்திருந்தால் விண்ணப்பத்தை உடனிருந்தே எழுதிவிடலாம்.