நூறு கோடி ரூபாய் யோசனை!

நம் ஊரில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று வைத்தியம், இன்னொன்று தேர்தல் யோசனை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், "இந்தாளு மட்டும் அந்தக் கட்சியோட சேர்ந்திருந்தா..." என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்.

அதே யோசனையை பில் போட்டு விற்றவர் பிரசாந்த் கிஷோர். ஒரு தேர்தலுக்குத் தன் ஆலோசனைக் கட்டணம் 100 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2024 அக்டோபரில் பீகார் இடைத்தேர்தல் கூட்டமொன்றில் தன் வாயாலேயே சொன்னார்.

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு உடனே ஒரு சந்தேகம். இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? பெரிய மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவழிக்கலாம் என்பது 2022-ல் வைத்த வரம்பு. வடை, டீ, போஸ்டர் எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது! வேட்பாளர் வடைக்குக் கணக்கு, கட்சிக்கு வானமே எல்லை.

சரி, வாங்கிய காசுக்கு என்னதான் செய்வார்? வீடு வீடாக சர்வே, பூத் வாரியாகக் கணக்கு, 'இந்த எம்.எல்.ஏ.வுக்கு மறுபடி சீட் கொடுத்தால் டெபாசிட் போகும்' என்று ரிப்போர்ட். அதன் மேல் ஒரு கவர்ச்சியான ஐடியா. 2014-ல் மோடிக்கு டீக்கடைப் பேச்சு. அடுத்த வருஷமே எதிர்முகாம்! பீகாரில் நிதிஷ்குமாரின் மரபணுவைப் பற்றி மோடி ஏதோ சொல்லப்போக, ஜனங்களின் தலைமுடியையும் நகத்தையும் கவரில் போட்டு டெல்லிக்கு அனுப்ப வைத்தார்கள். நிதிஷ் ஜெயித்தார்.

அப்படியானால் தொட்டதெல்லாம் துலங்கியதா? அதுதான் இல்லை. 2017-ஐப் பாருங்கள். ஏஜென்ட் ஒருவர், சரக்கு ஒன்று, வருஷமும் ஒன்று. பஞ்சாபில் காங்கிரசுக்கு 117-ல் 77 இடம். உத்தரப்பிரதேசத்தில் கூட்டணி சேர்ந்து நூற்றுச் சொச்ச இடங்களில் நின்ற அதே காங்கிரசுக்கு 7! அங்கே அதற்கு முந்தைய வருஷம் ராகுல் காந்தி விவசாயிகளோடு பேசக் கயிற்றுக் கட்டில் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். பேச்சு முடிந்ததும் ஜனங்கள் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓட்டு வேறு, கட்டில் வேறு என்பதில் நம் வாக்காளர் தெளிவு!

பஞ்சாபில் பத்து வருஷ அகாலி ஆட்சி மீது ஜனங்களுக்குக் கோபம் இருந்தது. இருக்கிற காற்றில்தான் பட்டம் விடலாம். காற்றை பில் போட்டு வரவழைக்க முடியாது.

பிறகு எதற்கு நூறு கோடி? எனக்குத் தோன்றுவது இது. வட்டச் செயலாளர் தலைவரிடம் "ஜனங்க கோபமா இருக்காங்க ஐயா" என்று சொல்வாரா? சொன்னால் அடுத்த வாரம் அவர் வட்டச் செயலாளராக இருப்பாரா? வெளியாளுக்கு அந்தப் பயமில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் வங்காளத்தில் பா.ஜ.க. 18 இடம் பிடித்ததும் மம்தா அவரைத்தான் கூப்பிட்டார். ஜனங்கள் நேரடியாகப் புகார் சொல்ல ஒரு போன் நம்பர் வந்தது. 2021 மே 2-ந் தேதி அங்கே மம்தா, இங்கே தி.மு.க., இரண்டு வெற்றி. அன்றைக்கே 'இந்தத் தொழில் போதும்' என்றார். ஆக, அது உண்மையைச் சொல்வதற்கான கூலி!

"ஆடிட்டரிடம் கொள்கை கேட்கிறோமா? இவரிடம் மட்டும் ஏன்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயம்தான். ஆனால் ஆடிட்டர் கடைசியில் கையெழுத்துப் போடுகிறார் ஸார்! தப்பென்றால் அவர் பிழைப்பே போகும். தேர்தல் வாக்குறுதியை யோசித்துக் கொடுத்தவர் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை. அது நிறைவேறாதபோது நாம் யார் சட்டையைப் பிடிப்பது? அவர்தான் அடுத்த மாநிலத்தில் இருப்பாரே!

பிரசாந்த் கிஷோர் ஒருமுறை கையெழுத்துப் போட்டுப் பார்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 அக்டோபர் 2-ல் சம்பாரணில் பாதயாத்திரை, சரியாக இரண்டு வருஷம் கழித்து ஜன் சுராஜ் என்று சொந்தக் கட்சி. 2025 பீகார் தேர்தலுக்கு முன் 'ஒன்று பத்துக்குள், இல்லையேல் 150-க்கு மேல்' என்றார். முதல் பாதி பலித்தது. கிடைத்தது பூஜ்யம். 25-ஐத் தாண்டாது என்று அவர் சொன்ன நிதிஷ் கட்சிக்கு 85!

ஊர் முழுக்கத் தலைவர்களுக்கு உண்மை சொன்னவர், தானே தலைவரானதும் அவருக்கு உண்மை சொல்ல யார் இருந்தார்களோ?

அடுத்த தேர்தலுக்கு முன் உங்கள் வீட்டுக்கு ஒரு பையன் கையில் ஃபாரத்தோடு வரலாம். விரட்டிவிடாதீர்கள். தண்ணீர் வராதது, ரோடு போடாதது, ரேஷன் கடை க்யூ எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லுங்கள். ஒரு காபியும் கொடுங்கள். ஓசியில் கேட்க வேண்டிய நம் குறையைக் கேட்க கோடிக்கணக்கில் கொட்டி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வீணாக்கலாமா?