எஸ்.பி.எம். ஆங்கிலம்: முதல் தாளை அணுகும் முறை

மலேசியாவில் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலப் பாடம், எண் 1119, 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து ஐரோப்பிய மொழித்தர அளவான சி.இ.எஃப்.ஆர். முறைக்கு மாறியது. எழுத்து, பேச்சு, கேட்டல் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள்கள் உண்டு. முதல் தாள் வாசிப்பையும் இலக்கணத்தையும் ஒன்றாகச் சோதிக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து பகுதிகளாக 40 கேள்விகள். மொத்தம் 40 புள்ளிகள். தவறான விடைக்குப் புள்ளி குறைவதில்லை என்பதால், தெரியாத கேள்விக்கும் ஒரு விடையைக் குறித்துவிட வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு இந்தத் தாள் ஏன் சவாலாகிறது என்பதற்குப் பேராக் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே தமிழ்ப்பள்ளிகள் 130க்கும் மேல் இருக்கின்றன. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்த பிறகும், பல பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரையே சுமந்து நிற்கின்றன. இங்கிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழும் நண்பர்களிடம் மலாயும் பேசுகிறார்கள். ஆங்கிலம் பாட நேரத்தோடு நின்றுவிடுகிறது. ஆரம்பப்பள்ளி முடிவில் நடந்த யு.பி.எஸ்.ஆர். 2021இலும், மூன்றாம் படிவத்தில் நடந்த பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டதால், இவர்கள் எழுதும் முதல் பெரிய அரசுத் தேர்வே எஸ்.பி.எம். ஆகிவிட்டது. சான்றிதழ் பெற மலாயிலும் வரலாற்றிலும் தேறினால் போதும், ஆங்கிலம் கட்டாயமில்லை என்று சிலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அது ஆபத்தான கணக்கு. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பல துறைகளில் ஆங்கிலத் தேர்ச்சியைக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு முன் மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் காத்திருக்கிறது. அதன் வாசிப்புத் தாளில் 40 கேள்விகளுக்கு 75 நிமிடமே உண்டு.

முதல் பகுதியின் எட்டுக் கேள்விகள் அறிவிப்பு, விளம்பரம், மின்னஞ்சல் போன்ற சிறு பனுவல்களிலிருந்து வருகின்றன. பனுவலில் உள்ள சொல்லையே திரும்பச் சொல்லும் விடைதான் பெரும்பாலும் கண்ணி. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் ஒருவருடன்தான் நீச்சல் குளத்துக்கு வர வேண்டும் என்று ஓர் அறிவிப்பு சொல்வதாகக் கொள்வோம். ‘பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இல்லை’ என்ற விடை அதே சொற்களைக் காட்டி இழுக்கும். ‘பத்து வயதுச் சிறுவன் தனியாக வர முடியாது’ என்பதே சரி.

இரண்டாம் பகுதி, பத்து இடங்கள் விடப்பட்ட ஒரு பத்தி. பலர் முதல் கோடிட்ட இடத்துக்கு வந்ததுமே விடை தேடுகிறார்கள். முழுப் பத்தியையும் ஒரு முறை வாசித்த பிறகு தொடங்குவதே நல்லது. நான்காம் வாக்கியத்தின் காலத்தை முதல் வாக்கியம் காட்டிக்கொடுப்பது உண்டு. தமிழில் சிந்திப்பவர் வழக்கமாகச் சறுக்கும் இடங்களும் இங்கேதான் வருகின்றன. ‘பத்து ஆண்டுகளாக ஈப்போவில் வசிக்கிறார்’ என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்லும். ஆங்கிலத்துக்கு அங்கே ‘ஹேஸ் லிவ்ட்’ தேவை. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்பது தமிழில் இயல்பு, ஆனால் ‘யெஸ்டர்டே’ இருக்கும் வாக்கியத்தில் ‘ஹேஸ் கம்’ நிற்காது. பேச்சில் ‘மாடுகள் மேயுது’ என்கிறோம்; ஆங்கிலத்தில் பன்மை எழுவாய்க்குப் பன்மை வினையே வர வேண்டும். ‘அதைப் பற்றி விவாதித்தார்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ்’ஸோடு ‘அபௌட்’ ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்குப் போவதைச் சொல்லும்போது ‘கோ’வுக்கும் ‘ஹோமு’க்கும் நடுவே ‘டூ’ நுழைந்துவிடுகிறது. ‘ஏ’, ‘தி’ ஆகியவற்றுக்குத் தமிழிலும் மலாயிலும் நேர் இணை இல்லாததால், பெயர்ச்சொல் வரும் இடமெல்லாம் நின்று பார்க்க வேண்டும். தன் பிழைகளை இப்படி இனம் பிரித்து வைத்திருக்கும் மாணவருக்கு, நூறு விதிகளை மனனம் செய்தவரைவிட இந்தப் பகுதி எளிதாகும்.

மூன்றாம் பகுதியில் நீண்ட கட்டுரை ஒன்றும் எட்டுக் கேள்விகளும் உண்டு. கேள்விகள் பெரும்பாலும் கட்டுரையின் வரிசையிலேயே செல்லும். கேள்வியை முதலில் வாசித்து, தொடர்புடைய பத்தியைக் கண்டு, நான்கு விடைகளையும் அந்தப் பத்தியோடு ஒப்பிட வேண்டும். தெரியாத சொல் வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காமல், சுற்றியுள்ள வாக்கியங்களிலிருந்து பொருளை ஊகித்து மேலே போகலாம்.

பலர் புள்ளிகளை இழப்பது நான்காம் பகுதியில். பனுவலில் விடப்பட்ட ஆறு இடங்களைக் கொடுக்கப்பட்ட எட்டு வாக்கியங்களிலிருந்து நிரப்ப வேண்டும், இரண்டு மிஞ்சும். இலக்கண விதி மட்டும் தெரிந்தவரால் இதைத் தாண்ட முடியாது. ‘திஸ்’, ‘தே’, ‘சச்’ போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன, ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’ எந்த இரண்டு கருத்துகளைக் கட்டுகின்றன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ‘ஆகவே’, ‘ஏனெனில்’, ‘இருப்பினும்’ என்று இடைச்சொல் பயின்ற பிள்ளைக்கு இந்த வேலை புதிதல்ல. இந்த ஒப்புமையை எடுத்துக்காட்டிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் பெரிய உதவி. வாக்கியத்தை இட்ட பிறகு, முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு சேர்த்து ஒரு முறை வாசிப்பது அவசியம்.

ஐந்தாம் பகுதியின் முதல் நான்கு கேள்விகள் பொருத்துதல். கடைசி நான்கில் பனுவலிலிருந்து ஒரே சொல்லை எடுத்து எழுத வேண்டும். சொல்லைப் பார்த்து எழுதுவதுதான், இருந்தும் அவசரத்தில் எழுத்துப்பிழை புகுந்துவிடுகிறது.

நேரத்தைப் பத்து, பதினைந்து, இருபது, இருபது, பதினைந்து நிமிடங்களாக ஐந்து பகுதிகளுக்கும் பிரித்தால், சரிபார்க்கப் பத்து நிமிடம் எஞ்சும்.

வாசிப்புக்கு டியூஷன் மாற்றாகாது. ஆங்கிலச் செய்தி இதழான ‘ஈப்போ எக்கோ’வின் உள்ளூர்ச் செய்திகள், ஈப்போ துன் ரசாக் நூலகத்தின் ஆங்கில நூல்கள், கடைத்தெரு அறிவிப்புகள், மருந்துப் பெட்டியின் குறிப்பு என்று கைக்கு எட்டுவதை நாளுக்குக் கால் மணி நேரம் வாசித்தாலும் சில மாதங்களில் வேகம் கூடும். முன்னோட்டத் தேர்வின் விடைத்தாள் திரும்பி வந்ததும் புள்ளியை மட்டும் பார்த்து மடித்துவைக்கக் கூடாது. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும், சொல் தெரியவில்லையா, காலம் பிசகியதா, சுட்டுச்சொல்லைத் தவறவிட்டோமா, நேரம் போதவில்லையா என்று பக்கத்தில் எழுதிவைத்தால், அடுத்த மாதம் எந்தப் பகுதிக்கு அதிகம் உழைக்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.