காலில் குறையா? படியில் குறையா?

பெங்களூரில் சின்ன ஓட்டல் நடத்தியவர் ஒருவர். அவருக்கு 1958-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் மாலதி. ஒரு வயதில் கடும் காய்ச்சல் கண்டது. அது போலியோ. உடம்பு முழுவதும் அசைவில்லாமல் போனது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மின்சார வைத்தியம் நடந்தது. மேல் உடம்புக்குப் பலம் திரும்பியது. இடுப்புக்குக் கீழே திரும்பவில்லை.

அதன் பிறகு சென்னையில் ஒரு சிகிச்சை இல்லத்தில் மாலதி வளர்ந்தார். 15 ஆண்டுகள்! முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார்கள். ஆனாலும் கால்கள் சரியாகவில்லை.

அந்த மாலதி ஹொள்ளாதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து குண்டு எறிந்தார். ஈட்டி எறிந்தார். தென் கொரியா வரை போய் இந்தியாவுக்காக விளையாடினார். வங்கியில் வேலையும் பார்த்தார். 1995-ல் அர்ஜுனா விருது, 2001-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கால்கள் அதே கால்கள்தான். பயிற்சி கிடைத்தது. நாற்காலி கிடைத்தது. வேலை கிடைத்தது.

எல்லோருக்கும் இவை கிடைக்கின்றனவா? ரேஷன் கடைக்கு நான்கு படி இருக்கிறது. கால் முடியாதவர் கீழேயே நிற்கிறார். "பாவம், அவரால் முடியாது" என்கிறோம். லாரியில் மூட்டை ஏற்றச் சாய்வாகப் பலகை போடுகிறோமே! மனிதர் ஏற அப்படி ஒரு சாய்வுப் பாதை போட்டால் என்ன? மூட்டுவலிப் பாட்டியும் கர்ப்பிணியும்கூட அதில் ஏறுவார்கள்.

படியைவிடக் கடினமானது நம் வாய். பெயர் இருக்கும்போதே "நொண்டி", "செவிடு" என்று கூப்பிடுகிறோம். "போன பிறவிப் பாவம்" என்கிறோம். போலியோ பாவத்தால் வருவதல்ல. கிருமியால் வருவது. சொட்டு மருந்தால் அதைத் தடுத்தோம். நம் நாட்டில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் கடைசியாக 2011-ல்தான் ஒரு குழந்தைக்கு அந்த நோய் கண்டது.

2016-ல் ஒரு சட்டம் வந்தது. ஊனமுற்றவரை அவமானப்படுத்த வேண்டும் என்றே பலர் முன்னால் இழிவாகப் பேசினால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

ஊனம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அரசு வேலையில் நூற்றுக்கு நான்கு இடம் ஒதுக்க வேண்டும். இவற்றுக்குச் சான்றிதழ் வேண்டும். அதை எப்படி வாங்குவது என்று அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

மாலதி பெங்களூரில் 'மாத்ரு' என்ற இல்லத்தைத் தொடங்கினார். ஊனமுற்ற ஏழைப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்க வழி செய்தார்.