லாரியின் துணை விளக்கும் மின்னோட்டத்தின் வழியும்

பெங்களூரின் நீலசந்திராவிலிருந்து சிறிது தூரம் சென்றால் ஓசூர்ச் சாலையை அடையலாம். தமிழ்நாட்டை நோக்கிச் செல்லும் லாரிகளுக்கு அது முக்கியமான வழி. இரவில் சாலை வளைவையும், பழுதுற்று நிற்கும் வண்டியையும் உரிய நேரத்தில் காண ஓட்டுநருக்கு உதவுவது முகப்பு விளக்கே. அதன் ஒளி போதாதெனக் கருதுவோர் முன்புறத்தில் மேலும் இரு விளக்குகளைப் பொருத்துகின்றனர். பொருத்துவது எளிது. ஆனால் அவற்றிற்குரிய மின்னோட்டத்தைத் தவறான வழியே கொண்டுவந்தால், ஒளி குறைவதோடு வண்டி தீப்பற்றவும் கூடும்.

மோட்டார் வண்டிகளில் முற்காலத்தில் எண்ணெய் விளக்கும் அசெட்டிலீன் வாயு விளக்குமே எரிந்தன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1913-ஆம் ஆண்டில் முகப்பு விளக்கு, டைனமோ, மின்னழுத்தச் சீராக்கி ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1951-இல் நிறுவப்பெற்ற மைக்கோ, நீலசந்திராவுக்கு அண்மையிலுள்ள ஆடுகோடியில் பல்லாண்டுகள் தொழிற்சாலை நடத்தியது. விளக்கு, மின்னாக்கி, கம்பி ஆகியவை ஒன்றற்கொன்று பொருத்தமாக அமைய வேண்டும் என்பதே தொகுதி முறையின் அடிப்படை. விளக்கை மட்டும் கூட்டுபவர் அப்பொருத்தத்தைக் குலைத்துவிடுகிறார்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். கனரக லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட் மின்னழுத்தம் பயன்படுகிறது. 75 வாட் திறனுள்ள இரு முகப்பு விளக்குகள் எரியும்போது 150 வாட் செலவாகிறது, மின்னோட்டம் 6.25 ஆம்பியர். அதே கம்பியில் மேலும் இரு 75 வாட் விளக்குகளை இணைத்தால், மின்னோட்டம் 12.5 ஆம்பியரை நெருங்கும். கம்பியிலும் சுவிட்சின் தொடுமுனைகளிலும் மொத்தம் 0.16 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். முன்பு அங்கே இழக்கப்பட்டது 1 வோல்ட். இப்போது ஏறத்தாழ 2 வோல்ட். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், 6.25 வாட்டாக இருந்தது ஏறத்தாழ 25 வாட்டாகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் காட்டிலும் மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. 24 வோல்ட்டில் எரிய வேண்டிய விளக்கு 22 வோல்ட்டில் எரிந்தால், ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். புதிய விளக்குகளைச் சேர்த்ததனாலேயே பழைய விளக்குகளும் மங்கும்.

மிகுந்த மின்னோட்டத்தால் பியூஸ் எரிந்துபோகும்போது, சிலர் அதனிடத்தில் பெரிய பியூஸையோ வெறும் செப்புக் கம்பியையோ வைத்துவிடுகின்றனர். இதுவே பேரபாயத்திற்கு வித்து. பியூஸ் கம்பியைக் காப்பதற்காக அமைந்தது. அக்காவல் நீங்கினால், உருக வேண்டிய பியூஸுக்குப் பதிலாகக் கம்பியின் உறை உருகும்.

இதற்குத் தீர்வு ரிலே என்னும் சிறு கருவி. மின்காந்தத்தால் மற்றொரு சுற்றை மூடும் இம்முறையை அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி 1835-இல் கையாண்டார். வழக்கமான ரிலேயில் நான்கு முனைகள் உண்டு. 86-ஆம் எண் முனையை முகப்பு விளக்கின் தூர ஒளிக் கம்பியுடனும், 85-ஐ வண்டியின் சட்டத்துடனும் இணைக்க வேண்டும். பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தனிக்கம்பி 30-இல் சேரும். 87-இலிருந்து கம்பி துணை விளக்குகளுக்குச் செல்லும். பழைய சுற்று, ரிலேயின் சுருளுக்கு வேண்டிய ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆம்பியரை மட்டும் அளித்து ஆணையிடும். சுமையைத் தாங்குவது புதிய கம்பியே.

பியூஸைப் பாட்டரிக்கு மிக அருகில் வைத்தல் வேண்டும். மேற்கூறிய இரு விளக்குகளுக்கு 10 ஆம்பியர் பியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் போதும். தகட்டுத் துளையின் வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுக. சட்டத்துடன் இணைக்குமிடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி நீக்குக. 12 வோல்ட் விளக்கிற்காக இரு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தலாகாது. ஒன்று மின்குறைவாலும், மற்றது அளவு மீறிய மின்னேற்றத்தாலும் கெடும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி விளக்குகளை இயக்கும் புதிய லாரிகளில், தயாரிப்பாளரின் கையேட்டைப் பாராமல் எக்கம்பியையும் தொடலாகாது.

தூர ஒளிக் கம்பியிலிருந்து ஆணை பெறுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் ஒளியைத் தாழ்த்தினால், துணை விளக்குகளும் உடனே அணைந்துவிடும். தனிச் சுவிட்சு மட்டும் இருந்தால் அவற்றை அணைக்க மறந்துபோகலாம்; எதிரே வருபவரின் கண் கூசி விபத்து நேரலாம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்கொளி பிறர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி அமைய வேண்டுமென்கின்றன. பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி முன்புறத்தில் குவியொளி விளக்கு பொருத்துவதையும் அவை தடுக்கின்றன. ஆகவே அனுமதியை அறிந்த பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். இரும்பு ஆணியில் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நூறு சுற்றுகள் சுற்றி உலர் மின்கலத்துடன் இணைக்க வேண்டும். ஆணிக்கு அருகே தகர டப்பாவிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டையை நிறுத்தி, அது ஆணியால் ஈர்க்கப்படும்போது மற்றொரு மின்கலமும் சிறு பல்பும் கொண்ட சுற்றை மூடுமாறு அமைக்க வேண்டும். முதற்சுற்றை மூடினால் இரண்டாம் சுற்றின் பல்பு எரியும். இரு சுற்றுகளுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை என்பதை மாணவர் தாமே கண்டறியும்படி செய்தால், ஆணையிடும் சுற்று வேறு, சுமை தாங்கும் சுற்று வேறு என்னும் உண்மை அவர்கள் மனத்தில் நன்கு பதியும்.