கோடிட்ட இடம் நிரப்பும் வேடிக்கைக் கதை விளையாட்டு

கோடிட்ட இடம் நிரப்பும் வேடிக்கைக் கதை விளையாட்டு என்பது, ஒரு சிறு கதையில் சில சொற்களை நீக்கிவிட்டு, அந்த இடங்களில் கதையை அறியாத ஒருவர் சொல்லும் சொற்களை இட்டுப் படித்து மகிழும் சொல் விளையாட்டு ஆகும். ஆங்கிலத்தில் இது 'மேட் லிப்ஸ்' என்ற பெயரில் 1958 முதல் நூல்களாக வெளிவருகிறது. பேசத் தெரிந்த குழந்தை முதல் பெரியவர் வரை யாரும் இதை விளையாடலாம். தாளும் எழுதுகோலும் போதும்.

கதை நகைப்புக்கு உரியதாக முடிந்தாலும், வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே நிற்க வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் அடிப்படை. ஆகவே இது பொழுதுபோக்காக மட்டுமின்றி, சொல் வகைகளைக் கற்பிக்கும் கருவியாகவும் பயன்படுகிறது.

விளையாடும் முறை

ஒருவர் கதைசொல்லியாக இருப்பார். கதைத் தாள் அவரிடம் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு கோடிட்ட இடத்தின் கீழும் அங்கே தேவைப்படும் சொல்லின் வகை குறிக்கப்பட்டிருக்கும். அவர் கதையைப் படித்துக் காட்டாமல், "ஒரு விலங்கின் பெயர் சொல்", "ஓர் எண் சொல்", "ஒரு நிறம் சொல்" என்று மற்றவர்களிடம் கேட்பார். அவர்கள் மனத்தில் தோன்றியதைச் சொல்வார்கள். எல்லா இடங்களும் நிரம்பிய பிறகு கதைசொல்லி முழுக் கதையையும் உரக்கப் படிப்பார்.

சொல்பவருக்குக் கதை தெரியக் கூடாது என்பதே முக்கியமான விதி. தெரிந்துவிட்டால் அவர் பொருத்தமான சொல்லையோ, வேண்டுமென்றே பொருந்தாத சொல்லையோ தேடத் தொடங்கிவிடுவார். இரண்டிலும் எதிர்பாராமை கெட்டுவிடும். இவ்விளையாட்டில் வெற்றி தோல்வியும் மதிப்பெண்ணும் இல்லை.

தோற்றம்

இவ்விளையாட்டின் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர்கள் அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர்களான லெனார்ட் ஸ்டெர்ன், ராஜர் பிரைஸ் ஆகிய இருவர். 1953ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஸ்டெர்ன், 'தி ஹனிமூனர்ஸ்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைக்கு உரையாடல் எழுதிக்கொண்டிருந்தார். அதில் வரும் பேருந்து ஓட்டுநர் ரால்ஃப் கிராம்டனின் புதிய முதலாளியுடைய மூக்கை வருணிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. அங்கு வந்திருந்த பிரைஸிடம், எதற்கு என்று சொல்லி முடிப்பதற்குள், ஓர் அடைமொழி வேண்டும் என்றார் ஸ்டெர்ன். பிரைஸ் 'தடுமாறுகிற', 'அம்மணமான' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சொன்னார். 'தடுமாறுகிற மூக்கு', 'அம்மணமான மூக்கு' என்று சேர்த்துப் பார்த்த இருவரும் சிரித்தனர். அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததே இவ்விளையாட்டு.

பெயர் கிடைக்க மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின. 1958இல் நியூயார்க் உணவகம் ஒன்றில் ஒரு நடிகருக்கும் அவருடைய முகவருக்கும் நடந்த வாக்குவாதம் இவர்கள் காதில் விழுந்தது. முன்தயாரிப்பு இல்லாமல் பேட்டி கொடுக்கப் போவதாக நடிகர் சொன்னார்; அது பைத்தியக்காரத்தனம் என்றார் முகவர். முன்தயாரிப்பின்றிப் பேசுவதைக் குறிக்கும் 'ஆட் லிப்' என்ற தொடரும், பைத்தியக்காரத்தனம் என்ற பொருளுடைய 'மேட்' என்ற சொல்லும் இணைந்து 'மேட் லிப்ஸ்' ஆயின. பதிப்பகத்தார் தயங்கியதால் இருவரும் தம் செலவிலேயே 14,000 படிகளை அச்சிட்டனர். ஸ்டெர்ன் அப்போது எழுத்தாளராகப் பணிபுரிந்த ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், விருந்தினர்களை அறிமுகப்படுத்த இவ்விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். நூல் விரைவில் விற்றுத் தீர்ந்தது. பின்னர் இருவரும் லாரி ஸ்லோனுடன் சேர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸில் 'பிரைஸ் ஸ்டெர்ன் ஸ்லோன்' என்ற பதிப்பகத்தை நிறுவினர். 2011இல் ஸ்டெர்ன் காலமானபோது, இந்நூல் வரிசை 11 கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருந்தது.

முன்னோடிகள்

ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் தொடரும் விளையாட்டுகள் இதற்கு முன்பே இருந்தன. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக் கூடங்களில் விளையாடப்பட்ட 'கான்சிக்வென்சஸ்' அவற்றில் ஒன்று. ஓர் ஆணின் பெயர், ஒரு பெண்ணின் பெயர், சந்தித்த இடம், பேசிய பேச்சு, விளைவு என்று ஒவ்வொருவரும் ஒன்றை எழுதித் தாளை மடித்து அடுத்தவரிடம் கொடுப்பர். 1925 வாக்கில் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன், ழாக் பிரேவேர் முதலிய மீயதார்த்தக் கலைஞர்கள் இதே முறையில் வாக்கியங்களை ஆக்கி விளையாடினர். அதில் முதலில் கிடைத்த வாக்கியத்தின் தொடக்கச் சொற்களைக் கொண்டு, அவ்விளையாட்டுக்கு 'அழகிய பிணம்' என்று பொருள்படும் பெயர் வந்தது. ஸ்டெர்னும் பிரைஸும் செய்த புதுமை, கதையை முன்பே எழுதி வைத்துச் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டது. கதையின் எலும்புக்கூடு தயாராக இருப்பதால், எழுதத் தெரியாத குழந்தையும் இதில் பங்கேற்க முடிகிறது.

சிரிப்பின் காரணம்

ஒரு வாக்கியம் பொருள் தருவதற்கு மூன்று நிபந்தனைகளை இந்தியத் தருக்க நூல்கள் கூறுகின்றன. ஒரு சொல் மற்றொரு சொல்லை வேண்டி நிற்பது அவாய்நிலை. சொற்கள் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருவது அண்மை. சொற்களின் பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துவது தகுதி. தண்ணீரால் நனைத்தான் என்பதில் மூன்றும் உண்டு. நெருப்பால் நனைத்தான் என்பதில் முதல் இரண்டு மட்டுமே உண்டு. நெருப்புக்கு நனைக்கும் தகுதி இல்லை.

இவ்விளையாட்டில் நிகழ்வதும் இதுவே. அவாய்நிலையும் அண்மையும் கெடாமல் தகுதி மட்டும் கெடுகிறது. மூன்றும் ஒருசேரக் கெட்டால் அது வெறும் சொற்குவியல். யாரும் சிரிக்க மாட்டார்கள். சட்டகம் உறுதியாக நிற்பதால்தான் அதில் உட்கார்ந்திருக்கும் தவறான சொல் வேடிக்கையாகத் தெரிகிறது.

சிரிப்பதற்குச் சரியானது எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யக் குழந்தை எழுத்தாளர் கர்னேய் சுகோவ்ஸ்கி, 'இரண்டு முதல் ஐந்து வரை' என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஏறக்குறைய இரண்டு வயதான அவருடைய மகள், நாய் மியாவ் என்று கத்தும் என்று சொல்லிச் சிரித்ததிலிருந்து அவருடைய ஆய்வு தொடங்குகிறது. நாய் எப்படிக் குரைக்கும் என்று நன்றாக அறிந்த பிறகே குழந்தை அதைத் தலைகீழாக்கி மகிழ்கிறது என்பது அவர் கருத்து. அபத்தம் குழந்தையின் அறிவைக் குழப்புவதில்லை. தனக்குத் தெரிந்ததை அது சோதித்து உறுதிப்படுத்திக்கொள்ளும் வழியாகிறது.

தேர்வுத் தாளின் கோடிட்ட இடம்

கோடிட்ட இடம் என்றவுடன் மாணவர்களுக்கு நினைவு வருவது தேர்வுத் தாள். இவ்விளையாட்டு தோன்றிய அதே 1953ஆம் ஆண்டில், அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்ற ஆய்வாளர் 'குளோஸ்' எனப்படும் சோதனை முறையை வெளியிட்டார். ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு, படிப்பவர் அவற்றைச் சரியாக ஊகிக்கிறாரா என்று பார்த்து, அப்பத்தி எவ்வளவு எளிது என்பதை அளப்பது அம்முறை. பின்னாளில் அது மொழித் தேர்வுகளிலும் பரவியது.

இரண்டிலும் கோடு ஒன்றுதான், நோக்கம் எதிரெதிரானது. டெய்லரின் சோதனையில் முன்பின் சொற்களைப் பார்த்து, விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். வேடிக்கைக் கதையில் முன்பின் சொற்கள் மறைக்கப்படுகின்றன. சொல்லின் வகை மட்டும் சரியாக இருந்தால் போதும். தவறாகிவிடுமோ என்ற அச்சத்தில் வகுப்பில் வாய் திறக்காத குழந்தைக்கு இது பெரிய வேறுபாடு. விலங்கின் பெயர் கேட்டால் எந்த விலங்கைச் சொன்னாலும் அது சரியான விடையே. ஆனால் விலங்கைக் கேட்கும்போது நிறத்தைச் சொன்னால் கதை இடறும்; அந்த இடறலைக் குழந்தையே தன் காதால் கேட்டு உணரும். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்த வேண்டியதில்லை.

தமிழில் அமைக்கும் முறை

ஆங்கிலக் கதையை அப்படியே மொழிபெயர்த்து இடைவெளி விட்டால் தமிழில் விளையாட்டு சரியாக அமையாது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லைப் பெரும்பாலும் மாற்றமின்றி இடைவெளியில் வைக்கலாம். தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது பெயரே மாறுகிறது. மரம் என்பது மரத்தை என்றும், வீடு என்பது வீட்டை என்றும், பசு என்பது பசுவை என்றும் ஆகும். கோட்டுக்குப் பின்னால் 'ஐ' என்று அச்சிட்டு வைத்தால் 'மரம்ஐ' என்றுதான் படிக்க நேரும்.

வினைமுற்றிலும் இச்சிக்கல் உண்டு. எழுவாய்க்குரிய இடத்தில் தம்பி வந்தால் 'வந்தான்', அக்கா வந்தால் 'வந்தாள்', தாத்தா வந்தால் 'வந்தார்', குருவி வந்தால் 'வந்தது' என்று முடிய வேண்டும். 'வந்தான்' என்று முன்பே எழுதிவிட்டால் திணை வழுவோ பால் வழுவோ நேரும். இவற்றைத் தவிர்க்கத் தமிழிலேயே வழிகள் உள்ளன:

1. எழுவாய்க்கு விலங்கு, பொருள், காய்கறி எனத் திணையை வரையறுத்துக் கேட்கலாம். அஃறிணை ஒருமைக்கு 'வந்தது', 'ஓடியது' என்ற முடிபு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

2. ஊர்ப்பெயருக்குப் பின் 'என்ற ஊருக்கு', பொருளின் பெயருக்குப் பின் 'என்ற பொருளை' என எழுதினால் உருபு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். சொல்லப்பட்ட பெயர் மாறாமல் நிற்கும்.

3. 'ஒரு', 'ஓர்' என்ற குழப்பம் வராமல் 'ஒன்று' என்பதைப் பெயருக்குப் பின்னால் வைக்கலாம்: யானை ஒன்று, ஆடு ஒன்று.

4. அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும்போது இரண்டாம் வேற்றுமை உருபை விட்டுவிடலாம். 'முறுக்கு தின்றது' என்பது வழக்கில் உள்ள தொடரே.

5. எண்ணுக்குப் பின் 'கள்' விகுதி கட்டாயம் இல்லை. '5 முறுக்கு' என்பது பால்பகா அஃறிணைப் பெயராக நின்று பன்மையை உணர்த்தும்.

6. 'அழகான', 'புளித்த', 'நொண்டுகிற' போன்ற அடைகள் அடுத்து வரும் பெயரின் திணை, பால், எண் எதற்காகவும் மாறுவதில்லை. எனவே தமிழில் மிக எளிதாக நிரப்பக்கூடிய இடம் அடைமொழிக்குரிய இடமே.

7. சலசல, கடகட, படபட போன்ற இரட்டைக்கிளவிகளைக் கேட்கலாம். ஓசை நயம் மிக்க இச்சொற்கள் குழந்தைகளுக்கு எளிதில் வாய்க்கும்.

உயர் வகுப்பு மாணவர்களுக்கு இவ்விதிகளைச் சொல்லாமல், அவர்களையே ஒரு கதை எழுதச் சொல்லலாம். நிரப்பிப் படிக்கும்போது எந்த இடத்தில் வாக்கியம் உடைகிறது என்று பார்த்துத் திருத்தினால், வேற்றுமையும் திணை பால் இயைபும் மனப்பாடம் இன்றியே விளங்கும்.

எடுத்துக்காட்டு

நிரப்ப வேண்டிய கதை:

மலையடிவாரத்தில் (விலங்கு) ஒன்று இருந்தது. அது நாள்தோறும் காலையில் (எண்) (தின்பண்டம்) தின்னும். ஒரு நாள் அது தலையில் (வீட்டுப் பொருள்) வைத்துக்கொண்டு (ஊர்) என்ற ஊருக்குப் புறப்பட்டது. வழியில் (இரட்டைக்கிளவி) என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், (அடைமொழி) (காய்கறி) ஒன்று பின்னாலேயே ஓடி வந்தது.

முதலை, 47, முறுக்கு, துடைப்பம், திண்டுக்கல், கடகட, கோபமான, புடலங்காய் என்று குழந்தைகள் சொன்னால் கதை இவ்வாறு அமையும்:

மலையடிவாரத்தில் முதலை ஒன்று இருந்தது. அது நாள்தோறும் காலையில் 47 முறுக்கு தின்னும். ஒரு நாள் அது தலையில் துடைப்பம் வைத்துக்கொண்டு திண்டுக்கல் என்ற ஊருக்குப் புறப்பட்டது. வழியில் கடகட என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கோபமான புடலங்காய் ஒன்று பின்னாலேயே ஓடி வந்தது.

சிறு குழந்தைகளுடன் விளையாடும்போது

பெயர்ச்சொல், வினைச்சொல் என்ற இலக்கணப் பெயர்கள் சிறு குழந்தைகளுக்குத் தேவையில்லை. "ஒரு பழம் சொல்", "வீட்டில் இருக்கும் ஒரு சாமான் சொல்" என்று கேட்டால் போதும். வினை வேண்டுமானால் "நாய் என்ன செய்தது?" என்று கேட்கலாம், "குதித்தது", "விழுந்தது" என முழு வினைமுற்றாகவே விடை வரும். நான்கு அல்லது ஐந்து வாக்கியங்களும் ஐந்தாறு இடைவெளிகளும் தொடக்கத்திற்கு ஏற்றவை. சொல் உடனே வராத குழந்தைக்கு, படங்களை அடுக்கி வைத்து ஒன்றை எடுக்கச் சொல்லலாம். மேட் லிப்ஸ் வரிசையில் சிறுவர்களுக்கென வந்த நூல்களிலும் குறியீடுகளின் கீழ்ச் சொற்பட்டியல் தரப்பட்டு, அதிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறை உள்ளது.

கதையின் இடைவெளியில் வகுப்புக் குழந்தைகளின் பெயரை இடும்போது கவனம் வேண்டும். 'கறுத்த', 'குண்டான', 'அழுக்கான' போன்ற சொல் தற்செயலாக ஒரு குழந்தையின் பெயருக்கு முன் வந்து விழுந்தால், மற்றவர்கள் சிரிக்கும்போது அக்குழந்தை மட்டும் தலைகுனியும்; அது பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளவும் கூடும். கதை மாந்தராக விலங்குகளையும் பொருள்களையும் வைத்தால் இச்சிக்கல் எழாது. சிரிப்பு சொற்களின் பொருத்தமின்மையில் பிறக்க வேண்டுமே தவிர, ஒருவருடைய உருவத்திலோ நிறத்திலோ பிறக்கக் கூடாது.